தூக்கிக் குடிக்கிற வீடு

அன்றைக்கும் டீயை அண்ணாதான் போட்டான். இஞ்சி நசுக்குகிற சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்தேன். போய்ப் பார்த்தபோது, முகத்தில் நீல மாஸ்க்கோடு நின்று, கொதிக்கிற பாத்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினான். தனக்கு ஒரு பெரிய பீங்கான் கோப்பையில். அந்தக் கோப்பையில் சிவப்பு எழுத்தில் 'மம்மி நம்பர் ஒன்' என்று இந்தியில் அச்சடித்திருக்கும்.

பால்கனியை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தோம். வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. அண்ணா மாஸ்க்கைக் கழற்றினான். மோவாயைத் தாழ்த்தி, கோப்பையை உதட்டில் வைத்து, ஒரு வாய் உறிஞ்சி விழுங்கினான். பிறகு வெறும் வாயோடு இன்னொரு தடவை விழுங்கினான்.

"இஞ்சி ஜாஸ்தியாயிடுத்து," என்றேன்.

"ஆகலை. உனக்கு ஜலதோஷம் வரப்போறது. அட்வான்ஸா போட்டிருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் வரலை."

"பாத்தியா, அதுக்குள்ள வேலை செய்யறது."

நான் சால்வையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். மத்தியானம் போன் செய்தபோது அவன் குரல் ஈரமாக இருந்தது. ஈரமான குரல் என்றால் என்ன என்பது எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவன் போய்விட்டான்.

அண்ணாவின் பெயர் ஜம்புநாதன். எல்லோருக்கும் ஜம்பு. எங்கள் ஊர் திருவானைக்காவல். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து அவன் முதலில் தில்லி வந்தான். சில வருஷங்கள் கழித்து மத்திய அரசுப் பரீட்சை எழுதி நானும் வந்தேன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணங்கள் வேறு வேறு, இரண்டுமே சுவாரசியமில்லாதவை. அவன் ரிடையர் ஆனதும், கிழக்குக் கிட்வாய் நகரில் எனக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டான். பழைய தாழ்ந்த வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய உயரமான கட்டிடம். லிப்டில் ஏறும்போதெல்லாம், "கடைசியில சர்க்கார் நம்மளை ஒசத்திடுத்து," என்பான்.

எங்கள் வீடு தூக்கிக் குடிக்கிற வீடு. தண்ணீரோ காபியோ, எதையும் உதட்டில் படாமல் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் நேராக ஊற்றிக்கொள்ள வேண்டும். உதடு பட்டால் அது எச்சில். எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் மேடையில் வைக்கக்கூடாது, எச்சில் கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. அம்மா போட்ட சட்டம். அம்மா தில்லிக்கு வந்ததே இல்லை. ஆனால் சட்டம் எங்களோடு ரயிலேறி வந்துவிட்டது. அண்ணா ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிக் குடிப்பான். கேட் ஓரத்து டீக்கடைக்காரர், கொதிக்கிற டீயையும் அவன் அப்படியே ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "ஊபர்வாலே பாபுஜி" என்று பெயர் வைத்தார். மேலேயிருந்து ஊற்றிக்கொள்கிறவர் என்று அர்த்தம். இந்தியில் அது கடவுளுக்கும் ஒரு பெயர் என்பதால் அண்ணாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

முதலில் நனைந்தது அண்ணாவின் தலையணை.

"கனவுல யாராத்துக் கல்யாணம்?" என்று கேட்டேன்.

"ஜாங்கிரி போட்டா. உனக்கும் எடுத்துண்டு வரலாம்னு பாத்தேன், முழிப்பு வந்துடுத்து."

நாங்கள் இரண்டு பேரும் காரணங்கள் கண்டுபிடித்தோம். ஒருக்களித்துப் படுப்பதால் இருக்கும். நவம்பர் மாசத்துப் புகையில் மூக்கு அடைத்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவதால் இருக்கும். பல்செட் சரியாகப் பொருந்தாததால் இருக்கும். வயிற்றில் அமிலம் ஏறினாலும் வாயில் தண்ணீர் ஊறுமாம், அதற்கு ஒரு மாத்திரை. இவை எல்லாவற்றாலும் ஒருவருக்கு எச்சில் வழியலாம் என்று பிற்பாடு டாக்டரும் சொன்னார். எங்கள் விஷயத்தில் அது எதுவும் இல்லை.

பிறகு பகலிலும் வழிய ஆரம்பித்தது. பேப்பர் படிக்கக் குனிந்தால் தலைப்புச் செய்தி மேல் ஒரு சொட்டு விழும். "தலைநகரில் லேசான மழை," என்று படிப்பான். உதட்டோரத்தில் தோல் வெடித்துப் புண்ணானது. நடக்கும்போது வலது கை வீசுவதை நிறுத்திவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. நரம்பு டாக்டர், அவன் கதவிலிருந்து நாற்காலி வரை நடந்து வருவதற்குள் கவனித்துவிட்டார். பார்க்கின்சன் என்றார்.

அந்த டாக்டர் பொறுமைசாலி. இந்தியில் நிதானமாகச் சொன்னார். எச்சில் எல்லோருக்கும் நாள் முழுக்க ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் அறியாமலே அதை விழுங்கிக்கொண்டும் இருக்கிறோம். இவருக்கு ஊறுவது கூடவில்லை. விழுங்குவது குறைந்துவிட்டது.

அண்ணா வெளியே வந்து என்னிடம் மொழிபெயர்த்தான். "ஊத்து நார்மல்டீ. முழுங்கற டிபார்ட்மென்ட்ல ஆள்குறைப்பு."

எச்சிலை வற்ற வைக்கும் மாத்திரையைக் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வாய் காய்ந்தது, கூடவே புத்தியும் காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. குழாயை மூட மறந்தான். ஒருநாள் என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்றான். மறுநாளே டாக்டர் அதை நிறுத்திவிட்டார். எச்சில் திரும்பி வந்தது, அவனும் திரும்பி வந்தான். எனக்கு அந்தப் பேரம் சம்மதமாக இருந்தது.

அவனுக்கு இல்லை. ஒரு காலை இஞ்சிச் சத்தம் கேட்கவில்லை. சமையலறை வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான்.

"சுபா, இனிமே டீயை நீயே போட்டுடு."

"ஏன், கை நடுங்கறதா?"

"கையெல்லாம் நன்னாத்தான் இருக்கு. எது எங்கே சொட்டறதுன்னு எனக்கே தெரியலை. பண்ற எடத்துல எச்சில் பண்ணிண்டு நிக்கப்படாது."

"இங்கே யாரு பாக்கறா? நான் ஒருத்திதானே?"

"அம்மா பாத்துண்டிருப்பா," என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தான். ஆனால் உள்ளே வரவில்லை.

அதன்பிறகு அவன் ஜாடி எதையும் தொடவில்லை, விளக்கேற்றவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாசற்படிக்கு வெளியே நின்று, விருந்தாளி மாதிரி என்னிடம் கேட்டான். பார்க் பெஞ்சில் மாலை நேரத்தில் கூடும் பத்ரி மாமா கோஷ்டிக்கும் போவதை நிறுத்தினான். பேசிக்கொண்டிருக்கும்போது வழிந்தால் மற்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றான். அவன் வாயைத் திறக்கும் நேரமே குறைந்துபோனது. கிண்டல் இல்லாத அண்ணாவோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

அதற்குள் இருமலும் வந்தது. தண்ணீர் குடித்தால் இருமல், டீ குடித்தால் இருமல். ஒருமுறை ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழிகிற எச்சில் வெளியே வருவதோடு நிற்பதில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு எச்சிலும் தண்ணீரும் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், குடிக்கும்போது மோவாயைத் தாழ்த்த வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்.

நாங்கள் சொன்னபடி கேட்கிறவர்கள். ஒவ்வொரு வாய்க்கும் நான் பக்கத்தில் நின்று, "அண்ணா, மோவாய்," என்பேன். அவன் உடனே தாழ்த்திவிடுவான். ஆனாலும் இருமினான். மாசம் ஆக ஆக இருமல் அதிகமானது. மறுபடியும் லேசாக ஜுரம் காய்ந்தது.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிறவர் என்று பெனிட்டாவிடம் அனுப்பினார்கள். நாகர்கோவில் பெண், முப்பது வயதிருக்கும். எங்கள் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாள். ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாவை 'ஆ' என்று நீட்டிச் சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். விழுங்கிய பிறகு குரல் தெளிவாக இருந்தால் சரியான வழியில் போயிருக்கிறது. கொழகொழவென்று ஈரமாக இருந்தால் கொஞ்சம் தப்பான வழியில் போயிருக்கிறது என்று எனக்கு விளக்கினாள். அண்ணாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"இங்க நல்லாத்தான் இறங்குது. வீட்டுல மட்டும் ஏன் சார் இந்த இருமல்?"

"வீட்டுல எனக்கு மேலதிகாரி ஜாஸ்தி," என்று என்னைக் காட்டினான்.

"மோவாயைத் தாழ்த்தறீங்கல்லா?"

"ஒரு தடவைகூடத் தப்பினதில்லே," என்றேன் நான்.

பெனிட்டா யோசித்தாள். காகிதக் கப்பில் கால்வாசி தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். "வீட்டுல எப்படிக் குடிப்பீங்களோ, அதே மாதிரி குடிங்க."

அண்ணா கப்பைத் தலைக்கு மேல் தூக்கினான். அண்ணாந்தான். ஊற்றினான். உடனே, மிகவும் ஒழுங்காக, மோவாயைத் தாழ்த்தினான். பிறகு இருமினான்.

பெனிட்டா அவன் முதுகில் கையை வைத்து, இருமல் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"இப்பிடியாக்கும் இத்தன நாளும் குடிச்சது?"

"பின்னே எப்படி?" என்றேன். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"எங்க அம்மாச்சியும் இப்பிடித்தான் குடிப்பாங்க. எனக்கு நினைப்பே வரல பாருங்க. நீங்க வாயில வச்சுத்தான் குடிப்பீங்கன்னு நினைச்சு ஆஸ்பத்திரில மோவாயத் தாழ்த்தச் சொல்லியிருக்காங்க. தலைய அண்ணாந்தா மூச்சுக்குழாய்க்கு வழி தொறந்து கெடக்கும் சார். தண்ணி நேரா விழுந்திரும். விழுந்ததுக்கப்புறம் தாழ்த்தி என்ன செய்ய?"

அண்ணா என் பக்கம் திரும்பினான். "பில் பாஸான அப்புறம் ஆடிட் பண்ணிண்டிருந்திருக்கோம்."

"சிரிக்காதீங்க சார். இன்னைலேருந்து தூக்கிக் குடிக்கவே கூடாது. உதட்டுல வச்சு உறிஞ்சணும்."

"உதட்டை வெச்சா?"

"வச்சுத்தான்."

"எச்சில் பண்ணியா?"

"உங்க எச்சில்தான சார்? அத நீங்க முழுங்கணும்னுதான இவ்வளவு பாடும்."

ஆட்டோவில் மூல்சந்த் மேம்பாலம் தாண்டும்போது, "குட்டி நன்னா மடக்கறா," என்றான்.

எவர்சில்வர் சூட்டில் உதட்டைச் சுடும், வாய் குறுகலாக இருந்தால் மூக்கு இடித்துத் தலை தானாக நிமிரும், ஆகவே வாய் அகலமான பீங்கான் கோப்பை வேண்டும் என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் பீங்கானே கிடையாது. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனோம். அகலமானது என்று கடைக்காரர் எடுத்து வைத்தது இந்த மம்மி கோப்பை ஒன்றுதான்.

"பையா, பாப்பா வாலா நஹீ ஹை?" என்று அண்ணா கேட்டான். அப்பா கோப்பை இல்லையா என்று.

"பாப்பா கதம் ஹோ கயா, அங்கிள். மம்மி லே ஜாயியே." அப்பா தீர்ந்துவிட்டது, அம்மாவையே கொண்டுபோகச் சொன்னார்.

அண்ணா கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்து, மூக்கு இடிக்கிறதா என்று பார்த்தான். இடிக்கவில்லை. "அம்மா சட்டத்தை மீறறதுக்கு அம்மா பேர்லயே பெர்மிஷன்," என்றான்.

பெர்மிஷன் கிடைத்தாலும் கை கேட்கவில்லை. அறுபது வருஷப் பழக்கம். கோப்பையைப் பிடித்த மாத்திரத்தில் கை தானாக மேலே போகும். நான் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்குவேன். உதட்டை எங்கே வைப்பது என்று உதட்டுக்குத் தெரியவில்லை. விளிம்பைக் கடித்தான். சட்டையெல்லாம் டீ. ஒரு வாய் உள்ளே போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடி வாயைக் கொப்பளித்தான். கொப்பளிப்பதற்கும் அண்ணாந்துவிட்டு இருமினான்.

துணைக்கு இருக்கட்டுமே என்று நானும் எதிரில் உட்கார்ந்து உதட்டை வைத்துக் குடித்துப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், தொண்டை மூடிக்கொண்டது. வாயில் வைத்த டீ வாயிலேயே நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து அவன் சிரித்தான். மாத்திரை நாட்களுக்கு அப்புறம் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"விடுடீ. உனக்கு வராது. அதுக்கு வியாதி வேணும்."

"கொஞ்ச நாள் பழகினா வரும்."

"நீ தூக்கியே குடி. வீட்ல ஒருத்தராவது ஆசாரமா இருக்கணும்."

மழைக்காலம் வருவதற்குள் கை படிந்துவிட்டது. இருமல் குறைந்தது. நான் தினமும் 'ஆ' சொல்லச் சொல்லிக் கேட்பேன். பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒருமுறை விழுங்கிவிட்டுப் பேச வேண்டும் என்று பெனிட்டா அடுத்த பாடம் கொடுத்திருந்தாள். அதையும் செய்தான். பார்க் பெஞ்சுக்குத் திரும்பப் போனபோது பத்ரி மாமா என்னிடம், "என்னம்மா, ஜம்பு ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி நிறுத்தி நிறுத்திப் பேசறான்? ஜாயின்ட் செக்ரட்டரி களை வந்துடுத்தே," என்றார். வழிவது நின்றுவிடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் கைக்குட்டை இருந்தது. வழிந்தால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை இஞ்சி நசுக்கும் சத்தம் கேட்டது. நான் படுக்கையிலேயே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போனால் நின்றுவிடுமோ என்று இருந்தது. போய்ப் பார்த்தால், சமையலறைக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றான்.

"இது என்ன வேஷம்?"

"கோவிட்ல வாங்கினது டப்பாவோட அப்படியே இருக்கு. மூஞ்சிலேர்ந்து எதுவும் வெளியே வரப்படாதுன்னுதானே இதைப் பண்ணியிருக்கான்? பெனிட்டாகிட்ட கேட்டேன். டீ போடற நேரம் மட்டும் போட்டுக்கோங்கோன்னா."

"என்கிட்ட கேக்கலையே?"

"நீ வேண்டாம்பியா என்ன," என்று சொல்லிவிட்டுப் பாலை ஊற்றினான்.

பிறகு சில வருஷங்கள் தினமும் அவன்தான் டீ போட்டான். நடை சுருங்கியது, எழுத்து எறும்பு மாதிரி ஆனது, குரல் மெலிந்தது. டீ மட்டும் அப்படியே இருந்தது.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். அவளிடம் கேட்பதற்கு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அன்று காலை அவனோடு உட்கார்ந்து குடித்த டீதானா என்று.

அவள், "குடிச்சு முடிச்சதும் குரல் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

"தெளிவா இருந்தது. இஞ்சி ஜாஸ்தி இல்லேன்னு சண்டை போட்டான்."

"அப்ப டீ இல்ல மேடம். தூக்கத்துல எச்சில் தானா இறங்கியிருக்கும். ராத்திரியே இறங்கியிருக்கலாம். அதுக்கு யாரும் காவல் இருக்க முடியாது. டீய சார் கடைசி வரைக்கும் சரியாத்தான் குடிச்சிருக்காங்க."

நான் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டேன். இஞ்சி கொஞ்சம் குறைவாக விழுந்துவிட்டது. மம்மி கோப்பை மேடை ஓரத்தில், அவன் கவிழ்த்து வைக்கிற இடத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். அவள் உதட்டில் வைக்கப்போனவள், சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லை, குடி," என்றேன்.

அவள் துப்பட்டாவால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி உறிஞ்சினாள். நான் என் டம்ளரைத் தூக்கிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்களும் இப்பவே பழகிக்கிடணும். வயசாகுதுல்லா," என்றாள்.

சரி என்றேன். அவள் போன பிறகு இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாளிலிருந்து முயற்சியும் செய்துபார்த்தேன். எனக்கு வராது என்று அண்ணா சொன்னது சரிதான்.

நான் இன்னும் தூக்கித்தான் குடிக்கிறேன்.